போனோடு வரும் வரைபடம் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறதா?

செங்காங் மகன்

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்பு புது போன் வாங்கினேன். பழைய போனில் வழி பார்க்க வேறு செயலி வைத்திருந்தேன். இதில் எதையும் தனியாக இறக்கவில்லை. போனோடு வந்த வரைபடமே போதும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. பஸ் நேரம் சரியாகக் காட்டியது, வண்டியில் போகும்போது தடம் மாறச் சொல்வதும் தெளிவாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமைதான் பிரச்சினை. அப்பாவுக்கு டயாலிசிஸ் மையத்தை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இங்கே சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிப் புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது தரைத்தளத் திறந்தவெளியில், இருக்கிறது. அஞ்சல் குறியீட்டைத் தட்டினேன். வழி முழுக்க ஒழுங்காகச் சொல்லிவிட்டு, புளோக்கின் பின்பக்கச் சந்தில், குப்பை சேகரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. அப்பாவை இறக்கி, சக்கர நாற்காலியை விரித்து உட்கார வைத்து, டாக்ஸியையும் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், எதிரே 11 படி. சரிவுப் பாதை புளோக்கின் மறுகோடியில் இருக்கிறது. தூறல் வேறு. கூரை இல்லாத பக்கமாகவே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

மையத்துக்குள் போகும்போது 20 நிமிடம் தாமதம். டயாலிசிஸுக்கு நேரம் குறித்துத்தான் நாற்காலி கொடுப்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எந்த போன் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நான் கேட்பது ஒன்றுதான். போனோடு வரும் வரைபடம் மட்டும் இப்படியா, எல்லாமே இப்படித்தானா?

நீலப்புள்ளி

அப்பாவுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது, தம்பி. ஆனால் போனோடு வருவது என்றாலே மட்டம் என்று பலர் மனத்தில் ஒரு முடிவு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தக் கெட்ட பெயர் 2012 செப்டம்பரில் வந்தது. ஐபோனில் அதுவரை இருந்த கூகுள் வரைபடத்தை எடுத்துவிட்டு ஆப்பிள் தன் சொந்த வரைபடத்தைப் போட்டது. பாலங்கள் நெளிந்து கிடந்தன, ஊர்கள் இடம் மாறியிருந்தன. அந்த மாதம் 28ஆம் தேதி டிம் குக் மன்னிப்புக் கடிதம் எழுதினார். சரிசெய்யும்வரை போட்டிக் கம்பெனிகளின் வரைபடத்தைப் பயன்படுத்துங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார். டிசம்பரில் கூகுள் வரைபடம் ஐபோனுக்குத் தனிச் செயலியாக வந்தது. அன்று மாறியவர்கள் பலர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதற்குப் பின் எத்தனை வருடம்! அந்த வரைபடத்தையே அடியிலிருந்து புதிதாக வரைந்துவிட்டார்கள்.

நான் ஆறு வருடமாக போனோடு வந்ததையே பயன்படுத்துகிறேன். திரை பூட்டியிருந்தாலும் அடுத்த திருப்பம் தெரியும். கைக்கடிகாரத்தில் தட்டிச் சொல்லும். பிஐஇ விரைவுச்சாலையில் நெரிசல் என்றால் முன்கூட்டியே சொல்கிறது. ஒரு சந்தில் தவறியதற்காக மொத்தத்தையும் தள்ளிவிடாதீர்கள். அதே அஞ்சல் குறியீட்டை மற்ற செயலிகளில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பதினான்கடி லோரி

நான் 18 வருடமாக லோரி ஓட்டுகிறேன். அறைகலன் இறக்குவதுதான் வேலை. நீலப்புள்ளி சொல்வது பெரிய ரோட்டுக்குச் சரி. விரைவுச்சாலையில் எந்த வரைபடமும் இப்போது தப்பாகச் சொல்வதில்லை. வெளியேறும் எண்ணைக்கூடச் சொல்கிறது. கார்காரருக்கு அது போதும்.

எனக்குப் போதாது. போனோடு வந்த வரைபடத்துக்கு நான் லோரியில் இருக்கிறேன் என்பதே தெரியாது. மாடி கார்பார்க் வாசலில் தொங்கும் உயரக் கம்பியைத் தாண்டி என்னை உள்ளே போகச் சொல்லும். ஒருமுறை பின்னால் நான்கு கார் நிற்க, நான் பின்னோக்கி எடுத்து வெளியே வர 10 நிமிடம் ஆனது. உதவியாளர் கீழே இறங்கி ஒவ்வொரு காரிடமும் போய்க் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

நான் செய்வது இதுதான். வரைபடத்தை ரோடு வரைக்கும் கேட்பேன். புளோக் எண் கண்ணில் பட்டதும் அதை அணைத்துவிட்டு, வாடிக்கையாளருக்குப் போன் போட்டு “சாமான் இறக்குமிடம் எந்தப் பக்கம்” என்று கேட்பேன்.

செங்காங் மகன்

நீலப்புள்ளி அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இன்னும் இரண்டு செயலிகளில் அதே அஞ்சல் குறியீட்டைப் போட்டேன். ஒன்று அதே சந்துக்குத்தான் கூப்பிட்டது. இன்னொன்று கார்பார்க் நுழைவாயிலில் விட்டது. அங்கிருந்து சரிவுப் பாதை கொஞ்சம் பக்கம், ஆனால் அதுவும் வாசல் இல்லை. ஆக, போனோடு வந்ததை மட்டும் திட்டியது நியாயமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஏன் எல்லாமே வீட்டுக்குப் பின்னால் போய் நிற்கின்றன என்றுதான் இன்னும் புரியவில்லை.

கோடும் புள்ளியும்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். வரைபடத் தரவோடுதான் வேலை. ஓய்வு நேரத்தில், யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் தன்னார்வமாக வரைகிறேன்.

நம்முடைய 6 இலக்க அஞ்சல் குறியீடு 1995இல் வந்தது. கட்டடத்துக்கு ஓர் எண் என்பது அதன் அழகு. முதல் இரண்டு இலக்கம் வட்டாரம். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய புளோக் என்றால் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணே. பல நாடுகளில் ஒரு குறியீட்டுக்குள் ஒரு தெருவே அடங்கும், சில இடங்களில் ஊரே அடங்கும். அதனால்தான் இங்கே எல்லா வரைபடமும் கெட்டிக்கார வரைபடமாகத் தெரிகிறது. பாதி வேலையை அஞ்சல் குறியீடு செய்து கொடுத்துவிடுகிறது.

ஆனால் கணினிக்கு அந்த எண் ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் வைப்பார்கள். நூறு மீட்டர் நீளமுள்ள பழைய புளோக்கின் நடு என்றால், அது ஏதோ ஒரு வீட்டின் சமையலறைக்குள் இருக்கும். வழி சொல்லும் நிரல் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் எந்த ரோடு போகிறது என்று தேடும். முன்பக்க ரோடு புல்தரையையும் கார்பார்க்கையும் தாண்டி 40 மீட்டரில் இருந்து, பின்பக்கச் சந்து 12 மீட்டரில் இருந்தால், சந்துதான் விடை. படி, சரிவு, லிஃப்ட் எதுவும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் அப்பாவைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது இந்தக் கணக்குதான்.

இதே நோய் பெரிய அளவிலும் வந்திருக்கிறது. நீலப்புள்ளி 2012 பற்றிச் சொன்னார். அதே வருடம் டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை ஓர் எச்சரிக்கை விட்டது. மில்டூரா என்ற ஊருக்கு ஐபோன் வரைபடத்தைப் பார்த்துப் போனவர்கள், ஊரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு தேசியப் பூங்காவின் நடுக்காட்டில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் இல்லை, கோடையில் அங்கே வெயில் 46 டிகிரி வரை போகும். காரணத்தைத் தோண்டியபோது, இடப்பெயர்ப் பதிவேட்டில் மில்டூரா என்று இரண்டு பதிவு இருப்பது தெரிந்தது. ஒன்று ஊர். மற்றது அதே பெயர் கொண்ட பெரிய நிர்வாகப் பகுதி, அதன் நடுப்புள்ளி காட்டுக்குள் விழுகிறது. அங்கே ஓர் ஊராட்சியின் நடு, இங்கே ஒரு புளோக்கின் நடு.

நீலப்புள்ளி

மில்டூரா விஷயம் செய்தியாகப் படித்திருக்கிறேன், காரணம் இப்போதுதான் தெரிகிறது. நன்றி. ஆனால் அதை உடனே திருத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோடும் புள்ளியும்

திருத்தினார்கள், உண்மைதான். காவல்துறை பேசியது, உலகச் செய்தி ஆனது, திருத்தினார்கள். ஆங் மோ கியோ புளோக்கின் பின்பக்கச் சந்துக்காக யார் பேசுவார்கள்? அதுதான் என் கவலை.

தேக்கா அக்கா

தம்பி, அப்பா நலமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 63. வரைபடத்தில் பெரிதாக ஞானம் கிடையாது. ஆனால் பஸ்ஸில் சுற்றும் ஆள். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அஞ்சல் குறியீட்டைப் போடாமல் பஸ் நிறுத்தத்தின் பெயரைப் போடுங்கள். புளோக் எண்ணை வைத்து நிறுத்தத்துக்குப் பெயர் இருக்கும், அதற்கு எதிர்ச்சாரியில் இருப்பது ‘எதிர்’ என்று சேர்த்து எழுதியிருக்கும். கம்பத்தில் 5 இலக்க எண்ணும் இருக்கும். நிறுத்தம் இருக்கும் பக்கம்தான் ஆள் நடக்கும் பக்கம். அங்கிருந்து புளோக்குக்குக் கூரை போட்ட நடைபாதை பல இடங்களில் உண்டு, அதுவும் படி இல்லாமல். டாக்ஸிக்காரரிடமும் அந்த நிறுத்தத்தையே சொல்லுங்கள். நிறுத்தத்துக்குள் நிறுத்த மாட்டார், அதைத் தாண்டி உள்ளே திரும்பி இறக்கிவிடுவார்.

இன்னொன்று. இந்த வரைபடங்களுக்கு நம் இடத்தின் பேச்சு தெரிய வேண்டும். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தை என் மாமியார் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்வார். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்துப் பெயர். அதைப் போனில் தேடினால் ஒன்றும் வரவில்லை. தேக்கா என்றால் வருகிறது. சுண்ணாம்புக் கம்பமும் வர வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீராசாமி ரோட்டை அந்தக் குரல் வாசிக்கும் விதத்தைக் கேட்டால் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

ஈசூன் ரைடர்

நான் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு 25 வீடு வரை ஏறி இறங்குவேன். கோடும் புள்ளியும் சொன்னது அப்படியே என் தினசரி வாழ்க்கை.

எங்களுக்குக் கஷ்டம் புளோக்கைக் கண்டுபிடிப்பதில் இல்லை. நீளமான புளோக்கில் இரண்டு மூன்று இடத்தில் லிஃப்ட் இருக்கும். ஏ லிஃப்டில் ஏறினால் ஒரு கோடி வீடு, சி லிஃப்டில் ஏறினால் மறுகோடி வீடு. சில புளோக்கில் நடுவில் வழி அடைத்திருக்கும். தப்பான லிஃப்டில் 11ஆம் மாடிக்குப் போய்விட்டால் திரும்பக் கீழே இறங்கி நடந்து இன்னொன்றில் ஏற வேண்டும். சூப் ஆறிவிடும். வாடிக்கையாளர் நட்சத்திரத்தைக் குறைப்பார். எந்த வரைபடத்திலும் வீட்டு எண்ணை வைத்து இந்த லிஃப்ட் என்று நான் பார்த்ததில்லை. வாய்ட் டெக்கில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று. அதைத்தான் நான் படிக்கிறேன்.

போனோடு வரும் வரைபடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் போனில் இருப்பது சைக்கிள் வழி கேட்டால் பூங்கா இணைப்புப் பாதை வழியாகச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் நான் ஓட்டுவது சாதாரண சைக்கிளா மின்சைக்கிளா என்று அது கேட்பதில்லை. இரண்டுக்கும் சட்டம் வேறு. மின்சைக்கிள் நடைபாதையில் போகக் கூடாது, மாட்டினால் அபராதம். 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டருக்கு நடைபாதையை மூடியபோது என் நண்பர்கள் பலர் ஒரே வாரத்தில் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். எந்தப் பாதையில் போகலாம், எதில் கூடாது என்று ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

நீலப்புள்ளி

ரைடர் தம்பி, வீட்டு எண்ணுக்கு லிஃப்ட் காட்ட வேண்டும் என்று போன் கம்பெனியிடம் எதிர்பார்ப்பது நியாயமா? உலகத்துக்கே வரைபடம் போடுகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் உள்ள விஷயம்.

ஈசூன் ரைடர்

அண்ணே, நம் ஊரில் பத்தில் எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கிறோம். இங்கே போன் விற்கும்போது எங்களிடமும்தானே காசு வாங்குகிறார்கள்.

துவாஸ் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம். வேலைக்கு வந்து மூன்று வருடம். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு போனோடு வந்த வரைபடம் ரொம்ப உதவி. வந்த புதிதில் டேட்டா கொஞ்சமாகத்தான் போடுவேன். தங்குமிடத்து வைஃபையில் சிங்கப்பூர் வரைபடம் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை டேட்டா இல்லாமலே தேக்கா போய்வந்தேன். ஒரு தடவை தப்பான பஸ்ஸில் ஏறி பூன் லே தாண்டிப் போய்விட்டேன். நான் இருக்கும் இடத்தைக் காட்டும் நீல நிறப் புள்ளி எதிர்ப்பக்கம் நகர்வதைப் பார்த்துத்தான் இறங்கினேன். ஜிபிஎஸுக்கு டேட்டா தேவையில்லை என்று பலருக்குத் தெரியாது. புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

குறை என்றால், வேலை நடக்கும் இடம். துவாஸ் தெற்கில் கடலைத் தூர்த்த நிலம். நாங்கள் தினமும் போகும் ரோடு என் போனில் இல்லை. புள்ளி வெறும் சாம்பல் நிறத்தில் மிதக்கும். போன வருடம் உடன் வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கையில் அடிபட்டபோது, வந்துகொண்டிருந்த வண்டிக்கு இடம் சொல்ல முடியவில்லை. கேட் எண்ணைச் சொல்லி, ஒரு பையனை ரோட்டு முனைக்கு ஓடவிட்டு, அவன் மஞ்சள் சட்டையைக் கழற்றி ஆட்டினான். அப்படித்தான் கண்டுபிடித்து வந்தார்கள். அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார்.

கோடும் புள்ளியும்

துவாஸ் தம்பி, அந்த ரோட்டை நான் வரைய முயல்கிறேன். அடுத்த முறை அப்படி ஏதும் நடந்தால், புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களை, அட்சரேகை தீர்க்கரேகையை, படித்துச் சொல்லுங்கள். ரோடு வரையப்படாத இடத்திலும் அந்த எண்கள் சரியாக இருக்கும். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். துவாஸில் உயரமான கட்டடம் குறைவு, அதனால் நன்றாகவே கிடைக்கும். ராஃபிள்ஸ் பிளேஸில்தான் தடுமாறும். அங்கே சமிக்ஞை கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், நீங்கள் அடுத்த தெருவில் நிற்பதாக போன் நினைத்துக்கொள்ளும்.

பதினான்கடி லோரி

சுரங்கச் சாலையை விட்டுவிட்டீர்களே. கேபிஇ விரைவுச்சாலையில் 12 கிலோமீட்டரில் 9 கிலோமீட்டர் நிலத்தடி. அதன் முனையிலிருந்து எம்சிஇ விரைவுச்சாலை, அதிலும் பெரும்பகுதி சுரங்கம்தான், ஒரு துண்டு கடலுக்கு அடியிலேயே போகிறது. உள்ளே ஜிபிஎஸ் கிடையாது. வேறு வழி இல்லாத வரைபடம் கடைசியாகப் போன வேகத்தை வைத்துக் குத்துமதிப்பாக அம்பை நகர்த்தும். உள்ளே நெரிசலில் நின்றுவிட்டால் கணக்கு கெட்டுவிடும். நான் நிற்கிறேன், அம்பு ஓடுகிறது. பிரிவு வருவதற்கு முன்பே பிரிந்துவிட்டதாகச் சொல்லும். புது ஓட்டுநர்களுக்கு என் அறிவுரை: சுரங்கத்துக்குள் நுழையும் முன் வெளியேறும் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். உள்ளே பலகையை மட்டும் பாருங்கள். தடம் தப்பினால் நேராகப் போய் வெளியே வந்து திரும்புங்கள், சுரங்கத்துக்குள் கடைசி நேரத்தில் வளைக்காதீர்கள்.

செங்காங் மகன்

எல்லாருக்கும் பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னியுங்கள். அக்கா, அப்பா நலம். வாரம் மூன்று முறை போய்வருகிறோம், களைப்பு இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது.

அக்கா சொன்ன பஸ் நிறுத்த வழி வேலை செய்தது. நிறுத்தத்தைத் தாண்டி முதல் திருப்பத்தில் உள்ளே போனால், புளோக்கின் வாசலில் இறக்கிவிடும் இடம் இருக்கிறது. கூரையும் உண்டு. அங்கிருந்து மையத்துக்கு ஒரு படிகூட இல்லை. நில ஆணையத்தின் ஒன்மேப்பில் சக்கர நாற்காலிக்கான தடையற்ற பாதையைத் தேடலாம் என்று அங்கிருந்த தாதி சொன்னார். இறக்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போகும்போது பார்க்க வேண்டும்.

போனோடு வந்த வரைபடத்தில் பிழையைத் தெரிவிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, நுழைவாயில் தப்பு என்று எழுதி, புள்ளியை நகர்த்தி அனுப்பினேன். 9 நாள் ஆகிறது. பெற்றுக்கொண்டோம் என்ற செய்தி மட்டும் வந்தது. புள்ளி நகரவில்லை.

நீலப்புள்ளி

நானும் அதே இடத்துக்கு அதே திருத்தத்தை அனுப்புகிறேன். பல பேர் ஒன்றையே சொன்னால் சீக்கிரம் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. புளோக் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ரைடர் தம்பி சொன்னதையும் யோசித்தேன். உலகத்துக்கே போடுகிறார்கள் என்று நான் சொன்னது சரியான பதில் இல்லை.

ஈசூன் ரைடர்

எனக்கும் அனுப்புங்கள் அண்ணே. வியாழக்கிழமை அந்தப் பக்கம் போவேன். லிஃப்ட் பலகையைப் பார்த்து எழுதி வருகிறேன்.

கோடும் புள்ளியும்

செங்காங் மகன், வாசல், சரிவுப் பாதை, இறக்கிவிடும் இடம் மூன்றையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வாசலைத் தனிப் புள்ளியாகப் போடலாம். படிக்கட்டில் எத்தனை படி என்றுகூட எழுதலாம். இன்றிரவே செய்துவிடுகிறேன்.

செங்காங் மகன்

அனுப்பிவிட்டேன். மூன்றாவது படம் கொஞ்சம் மங்கல், அப்பாவைத் தள்ளிக்கொண்டே எடுத்தது. இடது தூணில் பி லிஃப்ட் என்று எழுதியிருப்பது தெரிகிறதா பாருங்கள்.

கோடும் புள்ளியும்

தெரிகிறது. படி 11 தானே?

செங்காங் மகன்

11 தான்.